வாரிசு வூட்டுச் செவுரு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. யுத்தம் முடிந்த மறுவருஷம் தை மாதத்தில், மொரப்பூர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தது.
2. அவர் அதைப் படித்துவிட்டு, "இது யாரோ ஐரிஷ்காரர் குடும்ப சமாசாரம், உங்க லைன்ல இருக்கிற ஊர்தான்" என்று தபால்காரரிடம் சொன்னார்.
3. அன்று பொழுது சாய்வதற்குள், அமெரிக்காவிலிருந்து வாரிசு கடிதம் போட்டிருப்பதாக எங்கள் ஊரில் பேச்சாகிவிட்டது.
4. அம்மா வீட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினாள்.
5. கிழக்குக் கொல்லைக்காரர் அம்மாவிடம் வந்து, வீட்டையும் நிலத்தையும் கொஞ்ச காலத்துக்குத் தன் பேரில் எழுதி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றார்.
6. அம்மா சரி என்றாள்.
7. எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை வருவது போல, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சென்னையில் வரைபடத் தொழில் படித்துவிட்டு, சேலத்தில் நில அளவை ஆபீஸ் ஒன்றில் டிரேசராக இருந்தேன். பழைய கிராமப் படத்தின் மேல் வழவழப்பான நீலத்துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டையும் எழுத்தையும் அப்படியே கறுப்பு மையில் மேலே எடுப்பது டிரேசர் வேலை. யோசிக்கக் கூடாது. அடியில் இருப்பது மேலே வர வேண்டும், அவ்வளவுதான். யுத்தத்துக்குப் போன ஒருவரின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. எந்த நாள் சொல்வார்களோ என்ற நினைப்போடுதான் தினமும் பேனாவைத் துடைத்து வைப்பேன்.

மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தோரமாக ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். ஊருக்குச் சற்றுத் தள்ளி, ரயில் பாதையை ஒட்டி வீடு. பின்னால் மூன்று ஏக்கர் மேட்டுநிலம். கேழ்வரகு, சாமை, மழை ஒழுங்காக வந்தால் நிலக்கடலை. அப்பா ரயில்வே கேங்கில் வேலை பார்த்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். வீடு அவர் வழி வந்ததில்லை. அம்மாவின் அம்மா இருந்த வீடு அது. ஊரில் எங்களுக்குப் பெயர் 'வாரிசு வூட்டுக்காரங்க'. அம்மா அந்தப் பெயரைப் பத்திரம் மாதிரி வைத்திருந்தாள். எல்லைச் சண்டை வந்தால், "ஊரே வாரிசு வூடுன்னுதான் சொல்லுது, அப்பறம் என்னா கேள்வி?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

வீட்டையும் கொல்லையையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. மண், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் முள்வேலிதான். எங்கள் சுவரின் உச்சியில் தட்டைக் கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகங்கள் சாய்ந்து நிற்பது போல நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்திருக்கும். மழையில் ஒரு கல் விழுந்தால் அம்மாவே ஏறி வைப்பாள். நான் வைத்தால் சாய்மானம் சரியில்லை என்று பிடுங்கி மறுபடி வைப்பாள். ஏன் என்றால், "அப்படித்தான் வெக்கணும்."

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, டிராலியில் பாதையைப் பார்வையிட வந்த ரயில்வே துரை ஒருவர் எங்கள் சுவரைக் கண்டதும் டிராலியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து மேல் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அம்மா ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். டிராலி போன சத்தம் கேட்ட பிறகும் வெகுநேரம் திறக்கவில்லை. அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுவரின் மேல் ஒரு சந்தேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு உறையைக் கையில் கொடுத்தார். "உங்க ஊர்க் கதைதாம்மா. நீதான் இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, நீயே பாத்து பதில் போட்டுடு" என்றார். தண்டவாளத்தோரமாக நடந்துகொண்டே படித்தேன்.

எழுதியவள் அமெரிக்காவில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவள். எங்கள் ஊர் பெயர் தெரியாது, ஸ்டேஷன் பெயர் மட்டும் தெரியும் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதியிருந்தாள். அவளுடைய தாத்தாவோடு சேர்த்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போன பஞ்சத்துக்குப் பிறகு, பெரியவர்கள் இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். முதலில் கால்வாய் வெட்டினார்கள், பிறகு ரயில் பாதை போட்டார்கள். கடைசியில் யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு பள்ளத்தாக்கில் நிலம் பிடித்தார்கள். கலப்பை வைத்த இடமெல்லாம் கல். முதல் குளிர்காலம் மேட்டைக் குடைந்து புல்கட்டியால் கூரை போட்டு உள்ளே கிடந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் அவர்களுடைய மதத்தையும் பேச்சையும் சந்தேகப்பட்டு விதை தானியம்கூட விற்கவில்லை. வீடு கட்டுவதற்கு முன்னால் அவர்கள் கட்டியது சுவர்தான். பொறுக்கிய கல்லை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே.

மூன்றாமவர் மட்டும் அண்ணன்களோடு போகவில்லை. இந்தியாவில் ரயில் பாதை போடப் போகிறேன் என்று வேறு கப்பல் ஏறிவிட்டார். நான்கு கடிதங்கள் போட்டார். கடைசிக் கடிதம் மொரப்பூரிலிருந்து, ஸ்டேஷனுக்கு ஒன்றரை மைலில் ஒரு ஊரில் தங்கியிருப்பதாக. எழுதியவளின் அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. சின்னப் பிள்ளையாக அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர். தன் சித்தப்பாவுக்கு அங்கே யாராவது இருந்தார்களா, பிள்ளைகள் உண்டா, இதைத் தெரிந்துகொண்டால் போதும் என்கிறாராம். அதோடு நின்றிருந்தால் எனக்கும் மனசு இளகியிருக்கும். அடுத்த பக்கத்தில், வீடு இருந்தால் ரயில் பாதைக்கு எத்தனை அடி, எத்தனை அறை, எவ்வளவு நிலம், என்ன விளைகிறது என்று வரிசையாகக் கேட்டிருந்தாள். அளவு கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. அளவு கேட்பதுதான் என் ஆபீஸின் வேலை. அது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

வீடு பகலில் உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நாந்தாம்மா."

"நீ மட்டுந்தானா?"

"வேற யாரு வருவா?"

"அந்த வெள்ளைக்காரி உன்கூட எறங்கலியே?"

கதவு நாலு விரல் அகலம் திறந்தது. அம்மா எனக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியை முதலில் பார்த்தாள், பிறகு என்னை. உள்ளே போனதும் பட்டியலின் ஐந்தாவதும் ஆறாவதும் வெளியே வந்தன. கிழக்குக் கொல்லைக்காரர் அடுத்த ஞாயிறு பத்திரத்தோடு வருகிறார், இவள் கைநாட்டு வைக்கப் போகிறாள்.

"அவர் எதுக்கும்மா?"

"வாரிசு வந்து வூடு எங்கேன்னு கேட்டா, இது என் வூடே இல்ல, தம்பி வூடுன்னு சொல்லிடலாம்ல. அவ போனதும் திருப்பி எழுதிக் குடுத்துடறேன்னு சத்தியம் பண்ணியிருக்குது."

இருபது வருஷமாக எங்கள் சுவர் தன் நிலத்தில் இரண்டு முழம் ஏறியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். நான் அதை நினைவுபடுத்தினேன். தூரத்திலிருந்து வருகிறவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் மேல் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் கடிதத்தை எடுத்து, வாரிசு என்ற பேச்சே இதில் இல்லை, அது ஐரிஷ் என்று விளக்கினேன். இங்கிலீஷில் எழுதியிருப்பதை வைத்து அவளை ஏமாற்றலாம் என்று நினைக்கிறேனா என்று கேட்டாள்.

கடிதத்தோடு ஒரு போட்டோ இருந்தது. ஒரு கிழவர் கைத்தடியோடு சுவர் ஒன்றின் முன்னால் நின்றார். அமெரிக்காவில் குடியேறிய பெரியவர் அவர்தான் என்று பின்னால் எழுதியிருந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். அவள் கிழவரைப் பார்க்கவே இல்லை. விரலைச் சுவரின் மேல் வைத்தாள்.

"இது நம்ம செவுரு."

"இல்லம்மா…"

"எனக்குத் தெரியாதா? மேல் கல்லு சாஞ்சிருக்குது பாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. "எப்ப வந்து நின்னான் இவன்? நான் வூட்ல இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான். போட்டோ வேற புடிச்சிக்கினு போயிருக்கான்!"

நான் போட்டோவை ஜன்னலுக்கு எடுத்துப் போய், எங்கள் சுவருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசங்களை எண்ணினேன். பின்னால் சித்தேரி மலை இல்லை. மரத்தில் ஒரு இலை இல்லை. தரையெல்லாம் வெள்ளை.

"என்னா அது, சுண்ணாம்பு கொட்டி வெச்சிருக்கானா?"

"பனி. அந்த ஊர்ல பனி கட்டியா உழும்."

"நம்மூர்லயுந்தான் மார்கழில உழுது. இப்படியா உழுது?"

ஒற்றுமை ஒன்றே ஒன்றுதான். மேல் வரிசைக் கற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எங்களுடையது போலவே. அம்மா வைத்த ஒவ்வொரு கல்லும் என் கண்ணுக்கு வந்தது. "அப்படித்தான் வெக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இந்த முறை அடுப்பில் நெருப்பே இல்லை.

திரும்பிப் போகும்போது வழியில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். ஏன் இப்படிப் புரளி கிளப்பினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நான் ஐரிசுன்னுதாம்மா சொன்னேன். இந்த ஊருக்கு அது வாரிசுன்னு கேக்குது. நானு என்னா பண்ணட்டும்? வெள்ளைக்காரன் மூட்டை கட்டற நேரத்துல வெள்ளைக்காரி வர்றான்னா ஜனத்துக்குச் சும்மா இருக்க முடியுமா? நாலு வூடு தாண்டறதுக்குள்ள அவ கப்பல்ல ஏறிட்டா, அஞ்சாவது வூட்ல ஸ்டேஷன்ல வந்து எறங்கிட்டா!"

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். ஐரிசு என்றால் இந்த ஊருக்கு வாரிசு என்று கேட்கிறது. இன்றைக்குக் கேட்டது, ரயில் பாதை போட்ட காலத்திலும் அப்படியே கேட்டிருக்காதா?

திங்கட்கிழமை ஆபீஸில், எங்கள் கிராமத்துப் படங்களை ஒரு வேலை சாக்கில் எடுத்தேன். மூன்று இருந்தன. ஆகப் பழையது இங்கிலீஷில் எழுதியது. எங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம், அதன் பக்கத்தில் 'ஐரிஷ் வீடு' என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் சொற்கள். ஓரக் குறிப்பில் நிலத்துக்குரியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்கூட இல்லை. 'ஐரிசு துரை' என்று மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. இரண்டாவது படம் தமிழில், 'ஐரிசு வீடு'. முதல் எழுத்தின் மேல் மடிப்பு விழுந்து மை உதிர்ந்திருந்தது. மூன்றாவதில் தெளிவாக, அழகாக, 'வாரிசு வீடு'.

அந்த மூன்றாவது படம் என் கையெழுத்து. போன வருஷம் நான்தான் எடுத்தேன். முதல் எழுத்து தெரியவில்லை. என் வீடு என்பதால் யாரையும் கேட்காமல், எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். யோசிக்கக் கூடாது என்ற வேலையில் ஒரே ஒரு முறை யோசித்தேன்.

மூன்று படங்களிலும் எங்கள் வீடு வரும் பகுதியை ஒரே துணியில் வரிசையாக நகல் எடுத்துக்கொண்டேன். இதைக் காட்டினால் அம்மாவின் பயம் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அடுத்த ஞாயிறு நான் போய்ச் சேர்வதற்குள் கிழக்குக் கொல்லைக்காரர் வந்துவிட்டிருந்தார். பாயில் பத்திரம் விரித்திருந்தது, பக்கத்தில் மைப்பெட்டி. அம்மாவின் கட்டைவிரலில் இன்னும் மை படவில்லை.

"வாம்மா, ஆபீஸரு. நல்ல நேரத்துக்குத்தான் வந்தே. படிச்சுப் பாத்துக்க, பின்னால மாமன் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது" என்றார்.

படித்துப் பார்த்தேன். திருப்பி எழுதிக் கொடுப்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டேன்.

"அதெல்லாம் எழுதுவாங்களா? அக்காவுக்கும் எனக்கும் நடுவுல வாய்ச்சொல்லு போதும். என்னாங்க அக்கா?"

நான் பையிலிருந்து துணியை எடுத்துப் பத்திரத்தின் மேலேயே விரித்தேன். ஒவ்வொரு படமாக விரலை வைத்துச் சொன்னேன். இது முதலில் ஐரிசு வீடு. ஊர் வாயில் வாரிசு வீடு ஆனது. கடைசியில் என் கையாலேயே வாரிசு என்று எழுதினேன். இந்த நிலம் அந்த ஐரிசு துரையுடையது. அமெரிக்காவில் கேட்பது அவரைப் பற்றித்தான், நிலத்தைப் பற்றி இல்லை.

சொல்லி முடித்தபோது நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரிந்தது. கிழக்குக் கொல்லைக்காரருக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சரியாப் போச்சு! வாரிசு வூடு வாரிசு வூடுன்னு இத்தன வருசம் என் வாயை அடைச்சீங்களேக்கா. வாரிசே இல்லீன்னு உங்க பொண்ணே படம் போட்டுக் கொண்டாந்துட்டாளே! இது வெள்ளைக்காரன் எடம். அவன் வாரிசு அமெரிக்கால. நீங்க யாருங்க இங்க? அவனுக்குச் சோறு பொங்கினவங்களா, இல்ல மாடு மேய்ச்சவங்களா?"

மைப்பெட்டியை அம்மா பக்கம் நகர்த்தினார். "வெச்சுடுங்க. வெளிய சொல்ல மாட்டேன்."

அம்மா துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து அவளுக்குப் படிக்க வராது. கட்டத்தை மட்டும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு அப்பன் அந்தாளு."

"யாரு?"

"அந்தத் தொரை. எங்கம்மா அவருக்குப் பொறந்தவ. நான் எங்கம்மாவுக்குப் பொறந்தவ. போதுமா? ஊர்ல போய்ச் சொல்லு. சட்டைக்காரின்னு சொல்லணும்னா அதையும் சேத்துச் சொல்லு."

எங்கள் பக்கம் சட்டைக்காரி என்றால் வெள்ளைக்கார ரத்தம் கலந்தவள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டிராலித் துரையைக் கண்டு கதவு சாத்தியது, அடுப்பில் தீய்ந்தது, பட்டாவை மாற்றாமல் விட்டது எல்லாம். ஐம்பது வருஷம் ஒளித்ததை, யாருக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தாளோ அவரிடமே சொல்லிவிட்டாள். வேறு வழி நான் வைக்கவில்லை.

கிழக்குக் கொல்லைக்காரர் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பூனைக்கண் தேடினார் என்று நினைக்கிறேன். எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்தான், நானும் அந்த வாரம் முழுவதும் கண்ணாடியில் பார்த்திருந்தேன்.

"இதை எப்படிங்க நம்பறது?" என்றார்.

"நம்பாட்டிப் போ. செவுத்துல ஒரு கல்லு எடுத்து வெச்சுப் பாரு. உனக்கு நிக்குதான்னு பாப்போம். அந்தாளு எங்கம்மாவுக்குக் காட்டினாரு, அவ எனக்குக் காட்டினா." பத்திரத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "மைப்பெட்டியை வெச்சிட்டுப் போ. எனக்கு வேல இருக்குது."

அவர் போனதும், பட்டாவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு மனு எழுதச் சொன்னாள். எழுதினேன். யாருக்கு யார் பிள்ளை என்று மூன்று தலைமுறை. எல்லாவற்றையும் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். 'ஐரிசு துரை' என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு அந்த மைப்பெட்டியிலேயே கட்டைவிரலை ஒற்றி வைத்தாள்.

அமெரிக்காவுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். கல் அடுக்கும் போது யோசிப்பது போல யோசித்தாள்.

"செவுரு இருக்குதுன்னு எழுது. வூடு இருக்குதுன்னு எழுதாத."

"புள்ளைங்க உண்டான்னு கேட்டிருக்காளே?"

"எதுக்குக் கேக்கறான்னு மொதல்ல தெரியட்டும்."

மூன்று வரி எழுதிப் போட்டேன். தாங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது போன்ற சுவர் இங்கே இருக்கிறது. மேல் கற்கள் அதே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. விழுந்தால் திருப்பி வைக்கிறார்கள். யார் வைக்கிறார்கள் என்று எழுதவில்லை. ஆபீஸில் மூன்றாவது படத்தைத் திருத்த வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், என் தவறு என்று சேர்த்து.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது நிலைமை இது. பட்டா இன்னும் ஐரிசு துரையின் பெயரில் இருக்கிறது. மனுவுக்கு உத்தரவு வரவில்லை. ஊரில் பாதிப் பேர் சட்டைக்கார வூடு என்கிறார்கள், பாதிப் பேருக்குப் பழக்கம் விடவில்லை, வாரிசு வூடு என்றே சொல்கிறார்கள். கிழக்குக் கொல்லைக்காரர் எங்களோடு பேசுவதில்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. சுவர் இருப்பதைக் கேட்டுத் தன் அப்பா அழுதார், நிலத்தின் மேல் தங்களுக்கு ஒரு எண்ணமும் இல்லை, பிள்ளைகள் உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணம் இல்லாதவள் எதற்கு எண்ணம் இல்லை என்று எழுதுகிறாள் என்று கேட்டாள். உத்தரவு வந்த பிறகு பதில் எழுதலாம் என்கிறாள். அங்கே காத்திருப்பவருக்கு எண்பத்தொரு வயது. இரண்டாவது பூட்டு கதவில் தொங்குகிறது.